சைக்கிளுக்கு அரைத்த மிளகாய்

ஜூன் 18, செவ்வாய்

தினேஷ்குமார் கேம்பல் பேயில் மின்சார இலாகாவில் ஜூனியர் இன்ஜினியர். அந்த ஊரில் விளக்கு எரிகிறது என்றால் என் பேரன் எரியவைத்தது. உமா மகேஸ்வரி சென்னையில் நர்ஸ். ஆபரேஷன் அறைக்குள் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவள், வெளியே பெஞ்சில் உட்காருகிறவள் இல்லை. கோகுல் ஹேவ்லாக் தீவில் டூரிஸ்டுகளைக் கடலுக்கு அடியில் கைபிடித்துக் கூட்டிப்போய் மீன் காட்டுகிறான். வெள்ளைக்காரர்கள்கூட அவன் சைகை காட்டினால்தான் மேலே வருவார்களாம். கடைசியாக என் மகள் சுசீலா பெற்ற கார்த்திகா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ், இரண்டாம் வருஷம், வகுப்பில் முதல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வழியில் வந்ததுகள் இவ்வளவும் என்று எழுதிவைத்தால் யார் என்ன கேட்பது?

இப்படிப்பட்ட வீட்டுப் பெண் இன்று இருட்டுகிற நேரத்தில், சீட் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து மேட்டில் ஏறி வந்தாள். காலேஜ் ஸ்டாண்டில் எவனோ சீட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் பெல். அதற்கு முன்னால் வால்வு டியூப்.

"சீட்டுதானே அம்மாயி, விடு" என்கிறாள். இவள் விடுவாள். நான் விடமாட்டேன். சீட் இல்லாமல் நிற்கிற அந்தக் கம்பியின் மேல் அவனை உட்காரவைத்து, எங்கள் ஹேடோ மேட்டிலிருந்து இறக்கத்தில் உருட்டிவிட வேண்டும்.

ஜூன் 19

மாப்பிள்ளை புது சீட் மாட்டிவிட்டார். பழையதை எடுத்தவன் உருப்படமாட்டான்.

ஜூன் 27, வியாழன்

திங்கட்கிழமை இந்தத் தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வந்தது. கார்த்திகா கேட்ட சாமான்களை உமா சென்னையில் வாங்கி, ஊருக்கு வருகிற யாரோ ஒரு அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பச்சைத் தகடு, மிளகு மாதிரி உருண்டைகள், ஒரு குட்டி ஒலிபெருக்கி. இங்கே கடையில் கேட்டால் "அடுத்த கப்பல்ல பாக்கலாம்" என்றுதான் பதில்.

மூன்று நாளாக வீடு முழுக்க ஈயம் உருக்குகிற புகை. சைக்கிளை யாராவது அசைத்தால் கத்துகிற பெட்டி செய்கிறாள். வாத்தியாருக்குப் பிடித்துவிட்டதாம். ஒழுங்காக முடித்துக் காட்டினால் சென்னையில் நடக்கிற மாணவர் கண்காட்சிக்கு அனுப்புவாராம். இரண்டு பேர் சேர்ந்து செய்தால்தான் எடுத்துக்கொள்வார்கள், கூடப் படிக்கிற ஒரு ஆள் இருக்கிறது என்றாள். அவளுக்கு வகுப்பே மத்தியானத்துக்கு மேல்தான். இந்த வேலைக்காக லேபில் இருட்டும்வரை இருக்க வேண்டும், அதற்குள் கடைசி பஸ் போய்விடும். ஆக, அந்த சைக்கிள்தான் அவளுக்குக் கால்.

பெட்டியைச் சீட்டுக்கு அடியில் மாட்டி, என்னை அசைத்துப் பார்க்கச் சொன்னாள். அசைத்தேன். காது போய்விட்டது. சந்தோஷம்.

ஜூலை 2, செவ்வாய்

கத்துகிறது. துறைமுகத்துக்கு லாரி போனால் கத்துகிறது. ஹேண்டில்மேல் காக்கா உட்கார்ந்தால் கத்துகிறது. மழை அடித்தால் நிற்காமல் கத்துகிறது.

கீழ் வீட்டு ஜெயராணி படியேறி வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். அவள் புருஷன் முத்துராஜுக்குத் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்துதான் தூங்குவான்.

"ஆச்சி, ராத்திரி முழுக்க கப்பலடியில நின்னுட்டு வந்து மனுசன் கண்ணசரும்போது உங்க சைக்கிளு ஒப்பாரி வைக்குது."

"ஒப்பாரி உங்களுக்கில்லீங்க, திருடனுக்கு. உங்களுக்கு எதுக்குங்க கஷ்டமா இருக்குது?" என்றேன்.

முகம் கறுத்துப் போய் இறங்கினாள். நல்ல பதில். போன வெயில் காலத்தில் தண்ணீர் விடுகிற நேரத்தில் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் டிரம்மை நிரப்பியவள் அவள். நான் மறக்கவில்லை. சாயங்காலம் மேலே வராந்தாவைக் கழுவிவிட்டேன். கீழே அவள் கருவாடு காயப்போட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 5

கார்த்திகா அவளாகவே கீழே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதோடு விட்டாளா? சீட்டுக்கு அடியில் ஒளித்து ஒரு சுவிட்ச் வைத்தாள். காலையில் முத்துராஜ் எழுகிறவரை பெட்டியை அணைத்து வைப்பாளாம். இதைக் கீழ் வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

வாயைக் கட்டிவிட்டு எவனாவது நாய் வளர்ப்பானா? நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

சைக்கிளைக் காணோம்.

காலை பத்து மணிக்கு மேல் படிக்கட்டுக்கு அடியில் பார்த்தால் அறுந்த சங்கிலி மட்டும் கிடக்கிறது. பெட்டி கத்தவில்லை. ஏன் கத்தும், அணைத்துத்தானே வைத்தாள்.

கார்த்திகா சங்கிலியை எடுத்து அறுந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 10

மாப்பிள்ளை போலீஸ் சௌக்கியில் புகார் கொடுத்துவிட்டு வந்தார். வேறு வாங்கித் தர இப்போது வழியில்லை. அவருக்கும் சாயங்கால ஷிப்ட், போய் அழைத்து வர முடியாது. சுசீலாவிடம் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், சைக்கிள் கிடைக்கிறவரை சாயங்கால லேப் வேண்டாம், இருட்டில் பெண் பிள்ளை அவ்வளவு தூரம் நடந்து வரக்கூடாது என்று.

லேப் இல்லை என்றால் பெட்டி முடியாது. பெட்டி முடியாவிட்டால் சென்னை இல்லை.

எவன் எடுத்தான்? நான் யோசித்துவிட்டேன். காலையில் பெட்டிக்கு வாய் கட்டியிருக்கும் என்று தெரிந்தது யாருக்கு? எங்களுக்கு. அப்புறம் கீழ் வீட்டுக்கு. எங்கள் சைக்கிளை நாங்களா திருடுவோம்? அந்த வீட்டில் ஒரு பையன் வேறு, செந்தமிழன். அதே பாலிடெக்னிக், அதே வகுப்பு, என் பேத்திக்கு அடுத்த மார்க். இதைவிட என்ன வேண்டும்?

முத்துராஜுக்குத் தூக்கம் வேண்டும். பையனுக்கு முதல் மார்க் வேண்டும். ஜெயராணிக்குக் கருவாட்டுக்குப் பதில் வேண்டும். குடும்பத்தோடு சேர்ந்து செய்த வேலை.

ஜூலை 12, வெள்ளி

அரைத்துவிட்டேன்.

எங்கள் ஆனைமலைப் பக்கத்தில் பொருள் களவு போனால் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். இங்கே மாசாணி இல்லை. குவார்ட்டர்ஸ் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு மேடையும் அம்மன் கல்லும் இருக்கின்றன. அம்மன் எங்கே இருந்தாலும் அம்மன்தான். மிக்ஸியில் அரைத்தால் ஆகாது. அம்மியை நானே படியிறக்கினேன். சுசீலா பிடிக்க வந்தாள், தொடவிடவில்லை.

தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். தெலுங்கு வீடு, பெங்காலி வீடு, மலையாள வீடு, எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். ஜெயராணியும் நின்றாள். வரமிளகாயைக் கொட்டி அரைத்து, கல் முழுக்கப் பூசி, "எடுத்த கை எரியட்டும்" என்று சத்தமாகச் சொன்னேன். யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லவில்லை. யார் முகத்தையும் பார்க்கக்கூடாது என்று விதி இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அரைத்தேன்.

பாதி நிரம்பிய குடத்தோடு போய்விட்டாள்.

ஜூலை 13

கை இரண்டும் எனக்கே எரிகிறது. மோரில் முக்கி வைத்திருக்கிறேன். பரவாயில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கூடப் படிக்கிற ஆள் ஒன்று இருக்கிறது என்றாளே, அது செந்தமிழனாம்.

இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஆடுவேன் என்று சொல்லவில்லையாம். அந்தப் பெட்டிக்குள் பாதி வேலை அவன் செய்தது. மழைக்குக் கத்தாமல் இருக்க வழி கண்டுபிடித்துக் கொண்டிருந்ததும் அவன்தான். நேற்று வாத்தியாரிடம் போய்த் தன் பெயரை எடுத்துவிட்டான். அவன் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை, அப்பா வேலைக்குப் போகும்போதெல்லாம் கையைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள், நான் இனிமேல் வரமாட்டேன் என்று கார்த்திகாவிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. மாதக் கடைசிக்குள் இரண்டு பெயர் கொடுக்காவிட்டால் வேறு வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள்.

"சைக்கிள் போனதுக்குக்கூட நான் அழல அம்மாயி. இப்ப பாரு" என்றாள். முகத்தைக் காட்டினாள்.

நான் என்ன தப்புச் செஞ்சேன்? இவளுக்காகத்தானே? திருடினவன் வீட்டுப் பையனோடு என்ன கூட்டு? விலகினானே, அதிலேயே தெரியவில்லையா? குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் மிளகாய்க்கு ஏன் பயப்படணும்? நான் பயப்படுவேனா?

என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

அம்மன் கண் திறந்துவிட்டாள்.

முத்துராஜின் வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. வராந்தாவிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் அப்படியே உரிந்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டிருக்கிறான். எப்படி என்று கீழ் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. திறப்பார்களா? குழாயடியில் அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். பெங்காலி மருமகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், "மாதாஜி கா கமால்" என்கிறாள், அம்மாவின் மகிமையாம். இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

பாயசம் வைத்தேன். கேட்டால் ஆடி வெள்ளி என்று சொல்லிக்கொள்ளலாம். முந்திரி, திராட்சை எல்லாம் போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். ஒரு கிண்ணம் கீழ் வீட்டுக்கும் நானே எடுத்துப் போனேன். ஜெயராணி வாங்கிக்கொண்டாள். கண்ணில் பயம். நன்றாகத் தெரிந்தது.

இன்று எனக்கு நல்ல பசி.

ஜூலை 20, சனி

சைக்கிள் வந்துவிட்டது.

சௌக்கியிலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் வந்து, போய் எடுத்து வந்தார். நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். எப்போதும் சுசீலா வழியாகத்தான் பேசுவார். இன்று நேராகவே பேசினார்.

நடந்தது இது. வாடகைக்கு விடுவதற்காக எவனோ இங்கே நாலைந்து சைக்கிள்களைத் திருடி, ஹேவ்லாக் போகிற சரக்குப் படகில் காய்கறி மூட்டைகளுக்கு அடியில் போட்டிருக்கிறான். வியாழக்கிழமை படகு புறப்படுகிறது. கடைசி மூட்டையைத் தூக்கி எறிந்ததில் சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச் அழுந்திவிட்டது. படகு ஆட ஆடப் பெட்டி கத்துகிறது. அங்கே யாருக்கும் அது என்ன என்று தெரியவில்லை. பீனிக்ஸ் பே ஜெட்டியில் அன்றைக்கு மாற்று வேலைக்குப் போயிருந்த ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வாரம் அவன் தூக்கத்தைக் கெடுத்த சத்தம் இல்லையா, தெரியாமல் இருக்குமா.

"ரோக்கோ, ரோக்கோ", நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டு முத்துராஜ் ஓடியிருக்கிறான். படகு நிற்கவில்லை. அவிழ்த்துவிட்ட கயிற்றை வெறுங்கையால் பிடித்து ஜெட்டிக் கட்டையில் சுற்றப் பார்த்திருக்கிறான். கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயிருக்கிறது. விடவில்லை. சுற்றிவிட்டான்.

"அந்தக் கைதாங்க அத்தை அது. நீங்க பாயசம் வெச்சீங்களே" என்றார் மாப்பிள்ளை.

ஜூலை 21

ஜெயராணி கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கழுவித் துடைத்து, நிறைய வரமிளகாய் போட்டு.

"சாப்பிட்ட கிண்ணத்த வெறுமனே குடுக்கக்கூடாதுல்லா ஆச்சி. வீட்டுல இதான் இருந்துச்சு. உங்களுக்கும் தேவப்படும்."

ஜூலை 23, செவ்வாய்

திருடனைப் பிடித்துவிட்டார்கள். ஆள் எப்படி என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஒல்லியாக, பயந்த மாதிரி இருந்தான் என்றார். அவனைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. இவ்வளவு நாள் சேர்த்துவைத்த கோபத்தை அவன்மேல் போட்டால் நிற்க மாட்டேன் என்கிறது. வழுக்கி வழுக்கிக் கீழ் வீட்டுப் பக்கமே போகிறது. அந்த வழிதான் அதற்குப் பழக்கம்.

சொல்லியிருக்கலாம் இல்லையா அவள்? வெள்ளிக்கிழமையே "இப்படித்தான் ஆச்சி கை போச்சு" என்று ஒரு வார்த்தை? நான் கிண்ணத்தோடு நின்றபோது? வேண்டுமென்றே வாங்கிக்கொண்டாள். பயம் என்று நினைத்தேனே. பயமா அது!

கார்த்திகா கீழே போய்ச் செந்தமிழனைக் கேட்டாள். அவன் வருவதற்குத் தயார். முத்துராஜும் போகச் சொல்கிறான். ஜெயராணிதான் விடவில்லை. மிளகாய் அரைச்ச இடத்துல, அரைச்ச நேரத்துல, அதே ஆளுங்க முன்னால உங்க பாட்டி வந்து என்கிட்ட கேக்கட்டும், அனுப்புறேன் என்று சொல்லிவிட்டாள்.

இதைக் கார்த்திகா என்னிடம் சொல்லவில்லை. சுசீலாதான் சொன்னாள். கார்த்திகா கேட்கவே இல்லை. நான் போகமாட்டேன் என்று முடிவுகட்டிவிட்டாள் போல.

ஜூலை 25

சைக்கிள் வந்துவிட்டது, லேபுக்குத் தடை இல்லை. ஆனாலும் போகவில்லை. தனியாகப் போய் என்ன செய்வது. பெட்டியை அட்டைக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இந்த வயதில் அவள் முன்னால் போய் நிற்பதா? அந்தக் குழாயடியிலா? மாதாஜி என்று காலில் விழுந்தாளே பெங்காலி மருமகள், அவள் பார்க்கவா?

நாக்கு அறுந்தாலும் சரி.

ஜூலை 26, ஆடி இரண்டாம் வெள்ளி

போனேன்.

ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன், கை சும்மா இருக்கக்கூடாது என்று. எல்லோரும் இருந்தார்கள். அம்மன் கல்லில் மிளகாய் காய்ந்து கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெயராணி டிரம்முக்குக் குழாய் போட்டுவிட்டு நின்றாள். அவளுக்குத் தெரியும், நான் வருவேன் என்று. தலை சீவிப் பூ வைத்திருந்தாள்.

உங்க வீட்டுக்காரர் கையாலதான் எங்க சைக்கிள் கிடைச்சது, உங்க பையனை எங்க கார்த்திகாகூட அனுப்புங்க என்றேன்.

"குழாச் சத்தத்துல கேக்கல ஆச்சி. கொஞ்சம் சத்தமா."

சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லையாம். மூன்றாம் தடவை, அன்றைக்கு "எரியட்டும்" என்று எந்தச் சத்தத்தில் சொன்னேனோ அந்தச் சத்தத்தில் சொன்னேன். தெலுங்குக்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஜெயராணி குழாயை மூடினாள்.

"'வீட்டுக்காரர்'னு மரியாதையா சொன்னீங்களே, அதுலயே பாதிக் கோவம் போச்சு ஆச்சி. இந்நேரம் வர 'அவன்'தானே" என்றாள். அப்புறம், "செந்தமிழு இப்பமே போவான்."

மரியாதை என்று நினைத்து நான் சொல்லவே இல்லை. அவளாகச் சேர்த்துக்கொள்கிறாள். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லப் போகிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

படியேறி வந்தேன். குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பப் போய் எடுக்க மானம் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது வாசலில் இருந்தது, நிரம்பி. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 30

இரண்டு பேர் பெயரும் கொடுத்தாயிற்று. சைக்கிள் ராத்திரி எட்டரைக்கு வருகிறது. பின்னாலேயே அந்தப் பையன் சைக்கிளும்.

கார்த்திகா என்னோடு பேசுகிறாள். "சாப்பாடு வை", "பல்பை அணைக்காதே", அவ்வளவு.

ஆகஸ்ட் 16, ஆடிக் கடைசி வெள்ளி

பொருள் கிடைத்த பிறகு அம்மனை எண்ணெய் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சூடு அரைத்தவளுக்கே வரும். வீணாகச் சந்தேகப்பட்ட ஆளின் கையால் முதல் எண்ணெய் விழ வேண்டும் என்பாள் எங்கள் அம்மா. அதுவும் வலது கையால். ஆகையால் முத்துராஜின் கை ஆறுகிறவரை காத்திருந்தேன். அவன் பெண்டாட்டியைவிட எனக்குத்தான் அந்தக் கை ஆற வேண்டிய அவசரம். தினம் ஒரு வேளை குழம்பு கொடுத்தனுப்பினேன். உப்பு அதிகம், புளி அதிகம் என்று தினம் ஒரு குறை சொல்லித் தூக்கு திரும்பி வரும், காலியாகத்தான் வரும்.

இன்று கட்டுப் பிரித்தாயிற்று. உள்ளங்கை குழந்தைத் தோல் மாதிரி சிவந்திருக்கிறது. ஊற்றினார். ஆமாம், ஊற்றினார் என்றே எழுதுகிறேன். அன்றிலிருந்து குழாயடியிலேயே கிடந்த அம்மியைச் செந்தமிழன் தூக்கி வந்து மேலே வைத்தான்.

ஜெயராணி கைகட்டிக்கொண்டு நின்றாள். "எண்ணெய் கொஞ்சம் காந்தல் வாட அடிக்குது" என்றாள். பொய். புதுச் செக்கு எண்ணெய்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிள்ளைகள் இரண்டும் வாத்தியாரோடு கப்பலேறிச் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டன. நேற்று கண்காட்சி ஆரம்பித்துவிட்டது. பெட்டி லாரிக்கும் காக்காவுக்கும் கத்துவதில்லையாம், கை பட்டால் மட்டும்தானாம். நிறையப் பேர் நின்று கேட்கிறார்களாம். இதெல்லாம் சுசீலாவிடம் போனில் சொன்னது. அம்மாயி என்ன பண்ணுது என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

என் போனில் அவள் படம் என்று இருப்பது பத்தாம் வகுப்பில் எடுத்தது, ரெட்டைச் சடை. குழாயடியில் எல்லோரும் கேட்கிறார்கள், கண்காட்சிப் படம் வந்ததா என்று. நான் என்ன காட்டுவது?

ஒரு புதுப் படம் எடுத்துப் போடு, கண்ணு. பெட்டியோடு நில். அந்தப் பையனும் பக்கத்தில் நிற்கட்டும். என் போனுக்குப் போட மனசு வராவிட்டால் ஜெயராணி போனுக்காவது போடு. நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.